பெரிய குழாயும் சின்னக் குழாயும்

இது ஒரு டெலஸ்கோப் வாங்கி ஏமாந்த கதை. ஏமாந்ததைப் பதினாலு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்த கதை என்றும் சொல்லலாம். வானியல் தெரிந்தவர்கள் படித்தால் சிரிப்பார்கள். பரவாயில்லை, நான் பி.காம். மாணவி. டெபிட், கிரெடிட் தவிர வேறு எதையும் முறையாகப் படித்ததில்லை :-)

2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04. சந்திரயான்-3 நிலவில் இறங்கிய நேரம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, ஆயா, தம்பி, நான், கூடவே பக்கத்து வீட்டு அக்கா குழந்தையோடு எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். இறங்கியதும் தம்பி விசில் அடித்தான். ஆயா கையெடுத்துக் கும்பிட்டது. அன்றைக்கு ராத்திரி மாடிக்குப் போய் நிலாவைப் பார்த்துக்கொண்டே அப்பாவிடம் சும்மா ஒரு வார்த்தை சொன்னேன்: "ஒரு டெலஸ்கோப் இருந்தா நல்லா இருக்கும்பா."

சொன்னதை நான் மறந்துவிட்டேன். அப்பா மறக்கவில்லை.

அப்பா திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். அந்த வருட தீபாவளி போனஸ் வந்ததும் துணிமணிக்குக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, "பாப்பா, அந்தக் குழாய் எவ்ளோன்னு பாரு" என்றார். இணையத்தில் தேடினேன். ஆயிரத்து ஐந்நூறு ரூபாயில் இருந்து ஒரு லட்சம் வரை இருந்தது. எதற்கு இந்த வித்தியாசம் என்று எனக்குப் புரியவில்லை. கடைசியில் பெட்டியில் "750 மடங்கு பெரிதாக்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். 114 மி.மீ. கண்ணாடி. விலை 8,499 ரூபாய். அதே விலையில் இருந்த மற்றவை எல்லாம் சின்னதாக இருந்தன. ஒரே காசுக்குப் பெரியதாகக் கிடைத்தால் யாராவது சின்னதை வாங்குவார்களா? கணக்கு அப்படித்தான் போட்டேன்.

பெட்டி வந்த அன்று தெருவே எட்டிப் பார்த்தது. வெள்ளைக் குழாய், மூன்று கால் ஸ்டாண்டு, கறுப்புத் திருகுகள். தம்பி அதை ராக்கெட் லாஞ்சர் என்று பெயர் வைத்துவிட்டான்.

மாடியில் கொண்டுபோய் வைத்தோம். கிழக்கே கடல் மேல் வியாழன் பளபளவென்று ஏறிக்கொண்டிருந்தது. அதை அந்தக் குழாய்க்குள் பிடிப்பதற்கே அரை மணி நேரம் ஆனது. பிடித்த பிறகு தெரிந்தது என்ன என்று கேட்கிறீர்களா? தண்ணீருக்குள் எரியும் பல்பு மாதிரி ஒரு வெளிச்ச உருண்டை. திருகைத் திருப்பினால் பெரிதாகும், மறுபடி திருப்பினால் கோணலாகும். ஒரு இடத்திலும் கூர்மையாக நிற்காது. கையை எடுத்தால் ஆடும். ஆட்டம் நிற்பதற்குள் வியாழன் கண்ணாடியை விட்டே போயிருக்கும்.

அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார். "தெர்தா பாப்பா?"

என்ன சொல்வேன்? "தெர்துபா. சூப்பரா இருக்கு" என்றேன்.

அப்புறம் அவரும் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ஆமாமா, நல்லா இருக்கு" என்றார். அதோடு கீழே இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த மாதமே மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் முதல் வாரம். எங்கள் பக்கம் தண்ணீர் நின்றது எல்லோருக்கும் தெரியும். எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்து படகும் வலையும் கறுத்துப் போனது செய்தியிலும் வந்தது. எங்கள் வீட்டிற்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியபோது அப்பா முதலில் தூக்கிப் பரணில் வைத்தது ஆயாவின் டிரங்குப் பெட்டி. இரண்டாவதாகத் தூக்கியது இந்த டெலஸ்கோப் பெட்டி. அவருடைய வண்டி தெருவில் முழுகிக் கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு "இது சரியில்லைப்பா" என்று எப்படிச் சொல்வது?

அதனால் அவ்வப்போது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவேன். கொஞ்ச நேரம் கண்ணை வைத்துக்கொண்டு நிற்பேன். கீழே வந்து "இன்னைக்கு சனி கிரகம் பாத்தேன்" என்பேன். உண்மையில் சனி எனக்கு ஒரு நீள்வட்டக் கறையாகத்தான் தெரிந்தது. வளையம் கிளையம் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்று முதலில் நினைத்தேன். சயின்ஸ் குரூப் எடுக்காமல் காமர்ஸ் எடுத்தவளுக்கு இது தேவைதான் என்றும் நினைத்தேன்.

இரண்டாம் ஆண்டில் காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் 'மூழ்கிய செலவு' பற்றி நடத்தினார்கள். போன காசு போனதுதான், அது திரும்ப வராது, அதனால் அடுத்த முடிவு எடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது பாடம். பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி. நான் உதாரணத்தோடு எழுதி ஐந்தும் வாங்கினேன். ஆனால் வீட்டுக்கு வந்து பரணைப் பார்த்தால் 8,499 ரூபாய் மேலே உட்கார்ந்து என்னைப் பார்க்கும். அது அப்பாவின் போனஸ் ஆயிற்றே! எந்த லெட்ஜரில் எழுதித் தள்ளுபடி செய்வது?

விடை வந்தது ராயபுரத்தில் இருந்து. என் தோழியின் தெருவில் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பேர் வேண்டாம், சார் என்றே சொல்கிறேன். அவரிடம் பழைய டெலஸ்கோப் இருக்கிறது என்று தோழி சொன்னாள். 2025 ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை, என் பெரிய குழாயை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

சார் அதை வெளியே எடுத்தார். ஸ்கேல் கொண்டு வந்து குழாயை அளந்தார்.

"குவியத் தூரம் 1000 மி.மீ.ன்னு போட்டிருக்கு. குழாய் அரை மீட்டர்தான் இருக்கு. மிச்ச அரை மீட்டர் எங்கம்மா?"

நான் முழித்தேன். சார் விளக்கினார். உள்ளே இருப்பது குறைந்த குவியத் தூரம் உள்ள ஒரு கோள வடிவக் கண்ணாடி. அதுவே தனியாகத் தெளிவான படம் தராது. அதைச் சரிசெய்யவும், குவியத் தூரத்தை நீட்டவும், கண் வைக்கும் பக்கத்தில் ஒரு சின்ன லென்ஸைச் செருகியிருக்கிறார்கள். இந்த அமைப்பிலேயே கவனமாகச் செய்தால் நன்றாக வேலை செய்யுமாம். மலிவாகச் செய்தால் இரண்டு குறையும் சேர்ந்துகொள்ளும். போதாததற்கு, நடுவே லென்ஸ் இருப்பதால் கண்ணாடிகளை நேர் செய்வதும் புதியவர்களுக்குக் கஷ்டம்.

"அப்போ 750 மடங்குன்னு போட்டது பொய்யா சார்?"

"பொய் இல்ல. அதான் விஷயமே" என்றார். கணக்கு ரொம்ப சுலபம். டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வரும். 1000ஐ 4ஆல் வகுத்தால் 250. கூடவே கொடுத்த 3 மடங்கு பார்லோ லென்ஸைச் சேர்த்தால் 750. கணக்கு சரி. ஆனால் எவ்வளவு நல்ல கருவியானாலும் முகப்பின் அகலம் ஒரு மி.மீ.க்கு இரண்டு மடங்கு என்பதுதான் பொதுவாகச் சொல்லும் உச்ச வரம்பு. 114 மி.மீ.க்கு 228. அதற்கு மேல் போனால் மங்கலைத்தான் பெரிதாக்குகிறோம். ரப்பரில் படம் வரைந்து இழுத்துப் பார்த்திருக்கிறீர்களா? படம் பெரிதாகும், புதிதாக ஒரு கோடும் தெரியாது. அதே கதை.

எனக்குப் பிசினஸ் லா ஞாபகம் வந்தது. 1930ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16. வாங்குபவன்தான் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது பொது விதி, அதற்குச் சில விதிவிலக்குகள். பெருக்கல் சரியாக இருக்கும் ஒரு எண்ணை வைத்து யாரையும் ஏமாற்றலாம் என்பதற்கு அந்தப் பாடப் புத்தகத்தில் உதாரணம் இல்லை. இருந்திருக்கலாம்.

பிறகு சார் தன்னுடையதை எடுத்து வந்தார். பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒல்லியான குழாய், முன்னால் 70 மி.மீ. லென்ஸ், அவ்வளவுதான். என்னுடையதோடு ஒப்பிட்டால் உள்ளே வரும் வெளிச்சம் பாதிக்கும் குறைவு. குவியத் தூரம் 700 மி.மீ., குழாயும் ஏறக்குறைய அந்த நீளமே இருந்தது. 25, 10 மி.மீ. என்று இரண்டு ஐபீஸ். அதாவது 28 மடங்கு, 70 மடங்கு. பெட்டியில் போட்டால் யாரும் வாங்க மாட்டார்கள்.

அன்று பாதி நிலா. அவர் வீட்டு மாடியில் துறைமுகத்து விளக்குகள் மஞ்சளாகக் கொட்டிக் கொண்டிருந்தன. 28 மடங்கில் நிலா முழுசாக உள்ளே இருந்தது. வெளிச்சமும் நிழலும் சேரும் கோட்டில் ஒவ்வொரு பள்ளமும் தனித்தனியாக, விளிம்பு ஒரு பக்கம் வெளுத்து, மறுபக்கம் கறுத்து.... நான் ஏதோ சத்தம் போட்டிருக்கிறேன் போல. தோழி பயந்துவிட்டாள்.

பிறகு வியாழன். சின்னதாகத்தான் தெரிந்தது. ஆனால் விளிம்பு வெட்டி எடுத்த மாதிரி இருந்தது. நடுவில் இரண்டு பழுப்புக் கோடுகள். பக்கத்தில் ஒரே வரிசையில் சின்னச் சின்னப் புள்ளிகளாக அதன் நிலாக்கள். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்தது இதைத்தான். அவருடைய டெலஸ்கோப் பெரிதாக்கியது சுமார் 20 மடங்கு. இருபது மடங்கை வைத்துக்கொண்டு அவர் உலகத்தின் நினைப்பையே மாற்றினார். நான் எழுநூற்று ஐம்பதை வைத்துக்கொண்டு பல்பு பார்த்துக் கொண்டிருந்தேன்!

அன்று சார் சொன்ன இன்னொரு விஷயம்தான் மனதில் நின்றது. என் ஸ்டாண்டை ஒரு விரலால் தட்டினார். அது கோவில் மாடு மாதிரி தலையை ஆட்டியது.

"நுங்கம்பாக்கத்துல வானிலை மையம் இருக்கே, அந்த இடத்துல முதல்ல இருந்தது வானாய்வுக்கூடம், தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக்கூடம் வைத்திருந்தார். அதைக் கம்பெனி எடுத்துக்கொண்டு 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் கட்டியது. திட்டம் போட்டவர் மைக்கேல் டாப்பிங். பெரும்பாலும் கப்பலுக்காகவும் நில அளவைக்காகவும்தான். நட்சத்திரத்தை வைத்து நேரம் சரியாகத் தெரிந்தால்தான் தீர்க்கரேகை தெரியும், தீர்க்கரேகை தெரிந்தால்தான் கப்பல் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

அங்கே முதலில் வைத்த கருவி ஒரு சின்ன டெலஸ்கோப். ஆனால் அதை நிறுத்தியது எதன் மேல் தெரியுமா? சுமார் பத்து டன் எடையுள்ள கருங்கல் தூண். தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் அதில் கல்வெட்டு வேறு. ஆயிரம் வருடம் கழித்து வருகிறவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று பொறித்து வைத்திருக்கிறார்கள். 1899இல் வானியல் வேலை கொடைக்கானலுக்குப் போய்விட்டது. கட்டடமும் இப்போது இல்லை. தூண் மட்டும் அதே வளாகத்தில் நிற்கிறது.

சின்னக் கருவி, பத்து டன் தூண். என்னிடம் இருந்தது பெரிய கருவி, தகரக் கால். எங்கள் தெருவிலோ ராத்திரி பகல் பார்க்காமல் எண்ணூர் விரைவுச் சாலை கன்டெய்னர் லாரிகள் ஓடுகிற அதிர்வு. படத்தை 250 மடங்கு பெரிதாக்கும்போது அந்த ஆட்டமும் 250 மடங்கு பெரிதாகிறது. இது புரிவதற்கு எனக்குப் பதினாலு மாதம் ஆகியிருக்கிறது.

சாருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து, மாடி ஏற முடியவில்லை. "யாராவது பார்த்தா சரி" என்று சும்மாவே கொடுக்க வந்தார். நான் டியூஷன் எடுத்துச் சேர்த்து வைத்திருந்த 3,000 ரூபாயை வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வாங்கி வந்தேன்.

இப்போது வீட்டில் சொல்ல வேண்டும். இரண்டு டெலஸ்கோப்போடு போய் நின்றால் சொல்லாமல் தப்பிக்க முடியாதே. அப்பா சாப்பிட்டுக் கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சனி பார்த்ததாகச் சொன்னது பொய் என்பது உட்பட.

அப்பா சாப்பிட்டுக் கொண்டே இருந்தார். கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "எனக்கும் அன்னைக்கு ஒண்ணுமே தெர்லமா. நீ பாத்தேன்னு சொன்னியா, எனக்குத்தான் கண்ணு போய்டுச்சுன்னு நெனச்சேன். கண்ணாஸ்பத்திரிக்குக் கூட போய்ட்டு வந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருவரை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்று நான் ஒரு பக்கம் பொய் சொல்லிக்கொண்டிருக்க, அவர் ஒரு பக்கம் ஆஸ்பத்திரிக்கே போய் வந்திருக்கிறார். அம்மா மட்டும்தான் சிரித்தது.

பொங்கல் லீவில் அப்பா வேலையை ஆரம்பித்தார். தூண் கதையை நான்தான் சொல்லியிருந்தேன். வாடகை வீடு என்பதால் மாடியில் எதையும் கட்ட முடியாது. அதனால் 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் ஒன்றை எடுத்து, நடுவில் தடிமனான இரும்புப் பைப்பை நிறுத்தி, மாடியிலேயே ஜல்லி சிமெண்ட் கலந்து கொட்டினார். நாற்பது கிலோவுக்குக் குறையாது. பைப்பின் தலையில் டெலஸ்கோப் உட்கார ஒரு துண்டைப் பட்டறையில் கடைந்து கொண்டு வந்தார். ஹவுஸ் ஓனர் வந்து பார்த்துவிட்டு, "இன்னா, கொடிக்கம்பமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஜனவரி 18, சனிக்கிழமை. மேற்கே மணலிப் பக்கம் வானம் செம்மஞ்சளாக இருந்தது. அதற்கு மேலே வெள்ளியும் சனியும் பக்கம் பக்கமாக. வெள்ளியை 70 மடங்கில் வைத்தேன். அது குட்டி அரை நிலாவாக இருந்தது! வெள்ளிக்கும் நிலா மாதிரி வளர்பிறை தேய்பிறை உண்டு என்று புத்தகத்தில் படிப்பது வேறு, நம் மாடியில் இருந்து பார்ப்பது வேறு. சனியின் வளையம் அந்தச் சமயத்தில் நமக்குப் பக்கவாட்டாகத் திரும்பிக்கொண்டிருந்ததால், ஊசியில் கோத்த மணி மாதிரி இரண்டு பக்கமும் மெல்லிய கோடு. ஏறக்குறைய பதினைந்து வருடத்துக்கு ஒரு முறைதான் இப்படி வளையம் மெலிந்து மறையுமாம்.

அப்புறம் வியாழன். அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஒண்ணு, ரெண்டு, மூணு...." என்று எண்ண ஆரம்பித்தார்.

அன்றைக்கு ஆயாவைத் தவிர எல்லோரும் பார்த்தார்கள். ஆயாவால் மாடி ஏற முடியாது. அடுத்த மாதம் பாதி நிலா வந்தபோது, பக்கெட்டை அசைக்க முடியாமல், பழைய ஸ்டாண்டின் கால்களைக் குட்டையாக்கி நடுவில் செங்கல் பையைக் கட்டித் தொங்கவிட்டு, தெருவிலேயே வைத்துக் காட்டினோம். ஆயா பார்த்துவிட்டு, "அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருக்கு" என்றது. இதை விடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பெரிய குழாய் என்ன ஆனது? விற்கலாம் என்று போட்டேன். எண்ணூரில் இருந்து ஒருவர் எட்டாவது படிக்கும் தன் பெண்ணுக்காக 4,000 தருகிறேன் என்று போன் செய்தார். பெட்டி புதுசு மாதிரியே இருந்தது, வாங்கிக்கொண்டு போயிருப்பார். அந்தப் பெண்ணும் "தெர்துபா" என்று சொல்லியிருக்கும். என்னால் முடியவில்லை. உண்மையைச் சொல்லி, இரண்டையும் வந்து பார்க்கச் சொன்னேன். வந்தார்கள், பார்த்தார்கள், பெரியதை வாங்காமல் போனார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு 70 மி.மீ. வாங்கியிருப்பதாக போன் வந்தது. என் கணக்கில் 4,000 நஷ்டம்தான். ஆனால் அதைப் பற்றி இதுவரை வருத்தம் வரவில்லை.

அதன் கண்ணாடியைத் தம்பி கழற்றி எடுத்தான். குழிந்த கண்ணாடி அல்லவா, முகம் பெரிதாகத் தெரிகிறது. இப்போது அதில்தான் அப்பா ஷேவிங் செய்துகொள்கிறார். 8,499 ரூபாய்க்கு ஷேவிங் கண்ணாடி வைத்திருக்கும் குடும்பம் திருவொற்றியூரில் எங்களுடையதாகத்தான் இருக்கும் :-)

இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டவை:

1. பெட்டியில் மடங்கு எண்ணைப் பெரிதாகப் போட்டிருந்தால் ஒரு அடி தள்ளி நில்லுங்கள். முகப்பின் அகலம், குவியத் தூரம் இரண்டையும் பாருங்கள்.

2. கடையில் பார்க்க முடிந்தால் ஸ்டாண்டைத் தட்டிப் பாருங்கள். ஓரிரு நொடியில் ஆட்டம் நிற்கவில்லை என்றால் வேண்டாம்.

3. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் உப்புக் காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். திறந்த குழாயில் கண்ணாடியின் அலுமினியப் பூச்சு சீக்கிரம் கெடும். மூடிய குழாயில் முன் லென்ஸை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

4. சாயங்காலமே மாடியில் வைத்துவிட்டு அவசரப்படாதீர்கள். பகலில் வாங்கிய சூட்டைத் தளம் வெளியே விடும்வரை எல்லாம் நெளியும். ஒன்பது மணிக்கு மேல் நன்றாக இருக்கும். சூரியன் பக்கம் மட்டும் டெலஸ்கோப்பை எப்போதும் திருப்பாதீர்கள், கண் போய்விடும்.

5. வடசென்னை வெளிச்சத்தில் பால்வீதி எல்லாம் தெரியாது. ஆனால் நிலா, வெள்ளி, வியாழன், சனி, கார்த்திகைக் கூட்டம் தாராளமாகத் தெரியும். ஆரம்பத்துக்கு அது போதும்.

6. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள். முக்கியமாக அப்பாவிடம்.